வரப்பு வைத்தியமும் அதன் கணக்கும்

(வளையமாதேவியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழற்சிக்கு மூலிகை மருந்து என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நான் தாவரவியல் படித்தவன், வைத்தியன் அல்லன். ஆகவே இன்று நான் யாருக்கும் மருந்து எழுதித் தரப்போவதில்லை. கூட்டம் முடிந்ததும் மூட்டுவலிக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்க நினைத்திருப்பவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரு செடி வீக்கத்தை வற்றவைக்கும் என்று நாம் சொல்லும்போது அது நமக்கு எப்படித் தெரியும், எவ்வளவு தெரியும், அந்தத் தெரிந்ததை எங்கே எழுதி வைத்திருக்கிறோம் என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சேற்றுப்புண்ணிலிருந்து தொடங்கலாம். வயல் வேலையை முடித்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை, பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நடவுக் காலத்தில் காலையில் சேற்றில் வைத்த கால் மதியம்தான் வெளியே வரும். நாலு நாளில் விரலிடுக்கு வெளுத்து ஊறிப்போகும், பிறகு வெடிக்கும், எரியும், சிவந்து வீங்கும். சிலருக்கு அரையில் நெறி கட்டிக் காய்ச்சலும் வரும். ராத்திரி மருதாணி இலையையும் மஞ்சளையும் அரைத்து விரலிடுக்கில் அப்பிக்கொண்டு படுப்பது நம் பக்கத்து வழக்கம். பூஞ்சையை அடக்கும் தன்மை மருதாணிக்கு உண்டு என்பதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். அதில் சிவப்பைத் தரும் பொருளேதான் அந்த வேலையையும் செய்கிறது. ஆனால் இந்த வைத்தியத்தில் பாதி, மருந்து அப்பிய காலை ராத்திரி முழுக்கக் காயவைப்பது. மறுநாள் அதே கால் அதே சேற்றுக்குள் போகும்போது மருதாணி தோற்றுத்தான் போகும். தோற்றது செடியா, வேலையா என்று கேட்டால் என் பதில் வேலை என்பதுதான். சர்க்கரை நோய் உள்ள காலாக இருந்தால் கதையே வேறு. அந்தக் காலில் வெடிப்பு வந்து சிவந்துவிட்டால் மருதாணிக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சேற்றை விட்டு இப்போது வரப்பில் ஏறுவோம். நம் ஆயாமார் வீக்கத்துக்கும் வலிக்கும் தேடிப் பறித்த செடிகளில் பெரும்பாலானவை மலையில் விளைபவை அல்ல. வயலுக்குக் களை, வீட்டுக்கு மருந்து. ஈரம் பிடித்த வாய்க்கால் ஓரத்தில் கரிசலாங்கண்ணியும் வல்லாரையும். காய்ந்த வரப்பில் கீழாநெல்லி. தரையோடு படர்ந்து கிடக்கும் மூக்கிரட்டையை, கால் முகம் உப்பியவர்களுக்குக் கீரையாகக் கடைந்து கொடுப்பார்கள். பிடுங்கப் பிடுங்க முளைக்கும் கோரையின் கிழங்கும், பொடிப்பொடியாகப் பூக்கும் பற்படாகமும் நிலவேம்புக் குடிநீரின் ஒன்பது சரக்குகளில் இரண்டு. வேலியில் ஏறும் முடக்கத்தானைத் தோசை மாவில் அரைத்துவிடுகிறோம். தழை உரத்துக்கு வெட்டும் வாதநாராயணன் இலையை வதக்கி மூட்டில் வைத்துக் கட்டுகிறோம். பிரண்டை துவையலாகிறது. நொச்சிக்குத் தனி மரியாதை உண்டு. ஆடு மாடு வாய் வைக்காத வேலி அது. தலை கனத்தால் வேது பிடிக்கவும், மூட்டு கனத்தால் ஒத்தடம் கொடுக்கவும், பீனிசக்காரருக்குத் தலையணையில் அடைக்கவும் ஆகும்.

சித்த மருத்துவம் இவற்றைக் கண்டபடி விட்டுவிடவில்லை. உள்மருந்து முப்பத்திரண்டு, புறமருந்து முப்பத்திரண்டு என்று வகை பிரித்து வைத்தது. கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, பொட்டணம், தொக்கணம் எல்லாம் அந்தப் புறமருந்து வரிசையில் வருபவை. சுளுக்குக்கு முட்டையின் வெள்ளைக்கருவில் மூசாம்பரத்தைக் குழைத்துப் போடும் பற்று இன்றும் நாட்டுமருந்துக் கடைக்காரருக்கு வியாபாரம்தான். எதைத் தேய்ப்பது, எதை வைத்துக் கட்டுவது, எதை ஆவியாகப் பிடிப்பது என்று பிரித்துச் சொன்னவர்களுக்கு, ஒரே செடி வடிவம் மாறினால் வேலையும் மாறும் என்பது தெரிந்திருக்கிறது. இன்றைக்கு மாத்திரையாக அடைத்து விற்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், இந்தச் செடிகள் நின்ற வரப்புக்கு என்ன ஆனது என்று பார்ப்போம்.

வளையமாதேவி என்ற பெயரை நாடு முழுக்கச் செய்தியில் கேட்டது 2023 ஜூலை 26 அன்று. நெய்வேலி இரண்டாம் நிலக்கரிச் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய் வெட்ட, நின்றுகொண்டிருந்த நெற்பயிருக்குள் பொக்லைன்கள் இறங்கின. 2006 முதல் 2013 வரை கையகப்படுத்தி இழப்பீடும் கொடுத்துவிட்ட நிலம் அது, பயிர் வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தோம் என்பது சுரங்க நிறுவனத்தின் வாதம். கதிர் விடும் பயிரை அறுக்கும்வரை பொறுக்கக்கூடாதா என்பது நம் மக்களின் கேள்வி. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கின் நியாய அநியாயத்துக்குள் போக இது மேடை இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. நெல்லுக்கு ஏக்கர் கணக்கு இருந்தது. மரத்துக்கும் கிணற்றுக்கும் வீட்டுக்கும் இழப்பீட்டுக் கணக்கு உண்டு. வரப்புக்குக் கணக்கு இல்லை. வரப்பில் இருந்த கீழாநெல்லியையும் மூக்கிரட்டையையும் யாரும் எண்ணவில்லை. எண்ணச் சொல்லி நாமும் கேட்கவில்லை, ஏனென்றால் நம்மிடமே அந்தக் கணக்கு கிடையாது.

இதில் சுரங்கத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகரவும் முடியாது. சுரங்கம் எட்டாத ஊர்களிலும் வரப்பு மொட்டையாகத்தான் கிடக்கிறது. கூலிக்கு ஆள் கிடைக்காமல் வரப்புக்கும் களைக்கொல்லி அடிக்கிறோம். அடித்த வரப்பில் மறுபடி தலைகாட்டும் செடியைப் பறித்துக் குடிநீர் போடுபவர், மருந்தோடு எதைக் குடிக்கிறார் என்று யோசிக்க வேண்டும். சாம்பல் படியும் இடத்திலும், லாரி ஓடும் ரோட்டோரத்திலும் பறிக்கும் இலைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மண்ணில் உள்ள ஈயத்தையும் பாதரசத்தையும் செடி உறிஞ்சும். அதனால்தான் மூலிகை மருந்தில் ஈயம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் போகக்கூடாது, பாதரசம் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். கடை மருந்துக்கு உள்ள இந்த வரம்பு நாம் நேரே பறிக்கும் இலைக்கு இல்லை. பறிக்கும் இடத்தைப் பார்த்துப் பறிப்பதுதான் நமக்குள்ள சோதனை.

சரி, வீக்கம் என்றால் உடம்பில் என்ன நடக்கிறது? சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று நான்கு அடையாளங்களை முதல் நூற்றாண்டு ரோமானியரான செல்சஸ் எழுதிவைத்தார். அடிபட்ட இடத்தில் ரத்தக்குழாய் விரிகிறது. அதனால் சிவப்பும் சூடும். குழாயின் சுவர் கசிகிறது, அதனால் வீக்கம். வெள்ளணுக்கள் அங்கே வந்து கிருமியையும் செத்த திசுவையும் அகற்றுகின்றன. இது உடம்பு தானாகச் செய்துகொள்ளும் காரியம், இல்லாவிட்டால் எந்தப் புண்ணும் ஆறாது. ஆகவே எல்லா வீக்கத்தையும் உடனே வற்றவைக்க வேண்டும் என்பதே தவறான எண்ணம். வேலை முடிந்த பிறகும் வீக்கம் அடங்காமல் நின்றாலோ, முடக்குவாதத்தில் நடப்பதுபோல உடம்பு தன் மூட்டையே தாக்கத் தொடங்கினாலோதான் தொல்லை.

தாவரத்திலிருந்து வீக்கத்துக்கு மருந்து வந்த கதைகளில் பெரியது ஆஸ்பிரின். 1763இல் எட்வர்டு ஸ்டோன் என்ற ஆங்கிலப் பாதிரியார், வில்லோ மரப்பட்டைத் தூளைக் குளிர்காய்ச்சல்காரர்கள் ஐம்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்ததாக ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பட்டை வழியாகத் தெரியவந்த சாலிசிலிக் அமிலம் வயிற்றைப் புண்ணாக்கியது. 1897இல் பேயர் கம்பெனியில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் அதைச் சற்று மாற்றினார். 1899இல் ஆஸ்பிரின் கடைக்கு வந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பது அதன் பிறகும் எழுபது ஆண்டு தெரியாது. புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடம்பில் உண்டாவதை அது தடுக்கிறது என்று ஜான் வேன் 1971இல்தான் காட்டினார். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலேயே ஒரு மருந்து வேலை செய்யலாம். நம் பாட்டி வைத்தியத்துக்காக வாதாடுபவர்கள் இதை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள், நியாயமும்தான். ஆனால் அந்தப் பாதிரியார் எத்தனை பேருக்குக் கொடுத்தேன் என்று எழுதி வைத்திருந்தார். அதைச் சேர்த்துச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

நம் நொச்சிக்கும் அந்த வகைச் சோதனை நடந்திருக்கிறது. இலங்கை ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், முற்றிய பச்சை இலையின் நீர்ச்சாறு எலிகளுக்கு வீக்கத்தையும் வலியையும் குறைத்தது என்று காட்டினார்கள். எலிக்கு மருந்து கொடுத்து, அதன் பாதத்தில் கடற்பாசியிலிருந்து எடுத்த ஒரு பொருளை ஊசியில் ஏற்றி, பாதம் எவ்வளவு வீங்குகிறது என்று அளப்பது இதற்கான வழக்கமான முறை. எலியின் பாதத்துக்கும் நடவாளின் முழங்காலுக்கும் இடையில் நெடுந்தூரம் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தூரத்தை நாம் எப்படிக் கடக்க முயன்றோம், எங்கே வழுக்கினோம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அதைச் சற்று நின்று பார்க்கலாம்.

ஈரல் வீங்கி அழலும் நோய்களில் ஒன்று ஹெபடைட்டிஸ் பி. அந்தக் கிருமியின் மேற்பரப்புப் பொருளை ரத்தத்தில் கண்டுபிடித்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்றவர் அமெரிக்காவின் பரூக் புளும்பர்க். அவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் அவர் குழுவினரும் சேர்ந்து, வரப்பில் கிடக்கும் கீழாநெல்லியைச் சோதித்தார்கள். கிருமியைச் சுமக்கும் 78 பேர். ஒரு பகுதியினருக்கு முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி, மறு பகுதியினருக்கு அதைப் போலவே தோன்றும் வெற்று மருந்து. 1988இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அந்தப் பொருள் காணாமல் போயிருந்தது. அதாவது நூற்றுக்கு 59. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நடந்தது. உலகம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. காமாலைக்குக் கீழாநெல்லி என்று காலம் காலமாகச் சொல்லி வந்த நமக்கு அது எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிள்ளைகள் இங்கே ஒரு கூட்டல் போட வேண்டும். 37ம் 23ம் சேர்ந்தால் 60. தொடங்கியது 78 பேர். மீதி 18 பேர் முடிவுக் கணக்கில் இல்லை. ஒரு சோதனையில் நாலில் ஒரு பங்குக்கு அருகில் ஆள் விட்டுப்போனால், அவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்பதுதான் முறை. அடுத்து, தாய்லாந்தில் செய்த சோதனையின் முடிவு 1990இல் அதே லான்செட்டில் வந்தது. சென்னையில் கிடைத்த பலன் அங்கே கிடைக்கவில்லை. கிடைத்த சோதனைகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்த 2011ஆம் ஆண்டுக் காக்ரேன் அறிக்கை, வெற்று மருந்தைவிடக் கீழாநெல்லி மேல் என்று சொல்ல நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றது. செடி வேறு இனமா, வளர்ந்த மண் வேறா, பறித்த பருவம் வேறா, முதல் சோதனையே சின்னதாக இருந்ததால் வந்த தற்செயலா என்று பல விளக்கங்கள் இருக்கலாம். ஒன்று மட்டும் நிச்சயம். இன்றைக்கு ஒருவருக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்தால் அதற்கு நல்ல மாத்திரைகள் உண்டு, பிறக்கும் குழந்தைக்குத் தடுப்பூசி உண்டு. அதை விட்டுவிட்டுக் கீழாநெல்லியை மட்டும் நம்பினால் ஈரல் போய்விடும்.

அப்படியானால் நம் ஊரில் கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் குடித்துக் காமாலை தீர்ந்தவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. தண்ணீரால் பரவும் காமாலை, அதாவது ஹெபடைட்டிஸ் ஏ, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். இறங்கும் வாரத்தில் எதைக் குடித்தோமோ அதற்குப் பெயர் போய்ச் சேரும். கீழாநெல்லியை இதற்காக நான் ஒதுக்கச் சொல்லவில்லை. அதன் கணக்கு முடியவில்லை என்கிறேன். சென்னை ஆய்வாளர்களை நான் மதிக்கும் காரணமும் அதுவே. நம்பிக்கையாகக் கிடந்த ஒன்றை, பிறர் சரிபார்த்து மறுக்கக்கூடிய எண்களாக மாற்றியது அவர்கள்தான். புகழ்பவர்கள் ஆயிரம் பேர் உண்டு. மறுக்கத்தக்க வகையில் எழுதுபவர்கள் குறைவு.

கோயம்புத்தூரில் நடந்த ஒரு சோதனையும் இந்த வகைதான். முடக்குவாத நோயாளிகள் 43 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஆயுர்வேத மருந்து, இன்னொன்றுக்கு மெத்தோடிரெக்ஸேட் என்ற அலோபதி மருந்து, மூன்றாவதற்கு இரண்டும் என்று 36 வாரம் கொடுத்தார்கள். யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, அளந்து பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. குழம்பும் லேகியமும் மாத்திரையும் கலந்த ஒரு வைத்தியத்துக்கு அதேபோல் தோன்றும் வெற்று மருந்து செய்வது லேசான காரியம் இல்லை. 2011இல் வந்த முடிவு, மூன்று குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. 43 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. இதை வைத்து மெத்தோடிரெக்ஸேட்டை நிறுத்திவிடாதீர்கள். நம் வைத்தியத்தை நவீன முறையில் சோதிக்கவே முடியாது என்று சொல்பவர்களுக்கு மட்டும் இதைக் காட்டலாம்.

மஞ்சளைப் பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பை முடித்தால் நீங்கள் விடமாட்டீர்கள். 1995 மார்ச்சில், புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம், மஷேல்கர் தலைமையில் இருந்த காலத்தில், எதிர்த்து வழக்காடியது. 1997 ஆகஸ்டில் காப்புரிமை ரத்தானது. எங்கள் பாட்டி பூசினாள் என்று சொல்லியிருந்தால் அது ரத்தாகியிருக்காது. பழைய நூல்களும் ஆய்வுக் கட்டுரைகளுமாக 32 எழுத்துச் சான்றுகளை எடுத்துப் போட்டார்கள். எழுதியிருந்த ஏடு ஜெயித்தது. எழுதாத பாட்டி எத்தனை பேர் இருந்தும் அந்த அலுவலகத்துக்கு அவர்கள் சாட்சி இல்லை.

பூசும் மஞ்சள் வேறு, உள்ளே சாப்பிடும் மஞ்சள் வேறு. மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு போலத்தான் இருக்கும். அதையும் குடல் லேசில் உள்ளே விடாது. 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் இரண்டு கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் அது கண்ணுக்கே தட்டுப்படாத அளவில்தான் இருந்தது. மிளகிலிருந்து எடுத்த பைப்பெரின் இருபது மில்லிகிராம் சேர்த்தபோது இருபது மடங்கு கூடியது. மஞ்சளோடு மிளகு சேர்க்கும் நம் பாலுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா என்று மேடைகளில் கை தட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். இரண்டு கிராம் குர்குமின் வேண்டுமென்றால் அறுபது கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் வேண்டும். ஒரு டம்ளர் பாலில் நாம் போடுவது ஒரு சிட்டிகை. அந்தப் பால் தொண்டைக்கு இதம், குடிக்க நல்லது. முழங்கால் தேய்மானத்துக்கு மருந்து என்று அதைச் சொல்ல முடியாது. குர்குமின் எல்லாச் சோதனைக்குழாயிலும் பலன் காட்டுவதுபோல் தோன்றி ஏமாற்றும் பொருள் என்று 2017இல் வேதியியலாளர்கள் சிலர் கடுமையாகவே எழுதினார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பூச்சாகவும் பற்றாகவும் மஞ்சளுக்கு இருக்கும் இடத்தை யாரும் பறிக்க முடியாது.

பயம் வேறு பக்கத்தில் இருக்கிறது. உறிஞ்சப்படாததால் சமையல் மஞ்சள் யாரையும் கெடுக்கவில்லை. உறிஞ்சப்படும்படி செறிவாக்கி மாத்திரையில் அடைத்தபோது கெடுத்தது. 2019இல் இத்தாலியில் இருபது பேர் அளவில் மஞ்சள் மாத்திரை சாப்பிட்டு ஈரல் அழற்சியோடு வந்தார்கள். அமெரிக்காவில் பத்து நோயாளிகளைப் பற்றி எழுதிய மருத்துவர்கள், அவர்களில் ஒருவர் இறந்ததையும் சொன்னார்கள். வீக்கத்துக்குச் சாப்பிட்டது ஈரலை வீங்க வைத்தது. மிளகுச்சத்து வேறு சில மருந்துகளையும் கூடுதலாக ரத்தத்துக்குள் ஏற்றும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் அப்படி ஏறும் மருந்துகளில் ஒன்று. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் கொடியைக் கஷாயம் வைத்து மாதக் கணக்கில் குடித்தவர்களில் ஆறு பேருக்கு ஈரல் கெட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். சீந்திலைப் போன்ற வேறு கொடியைக் குடித்திருப்பார்கள் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அமைச்சகம் சொன்னதே சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் செடியை அடையாளம் தெரியாமல் குடித்தார்கள் என்றுதானே ஆகிறது?

எருக்கம்பாலைக் கண்ணில் தெறிக்க விட்டுவிட்டு வருபவர்கள், சேங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் மூட்டில் தேய்த்து உடம்பெல்லாம் கொப்புளித்து வருபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இவற்றைவிட மோசமானது பொட்டலப் பொடி. வயதானவர் ஒருவர், பேருந்து நிலையத்தில் வாங்கிய மூட்டுவலி மூலிகைப் பொடி மூன்றே நாளில் வலியைத் தூக்கிவிட்டது என்று சொன்னால், நான் முதலில் சந்தேகிப்பது ஸ்டீராய்டு கலப்பை. மூன்று நாளில் தூக்கும் மூலிகை எதையும் நான் அறியேன். முகம் உப்புவது, சர்க்கரை ஏறுவது, பொடியை நிறுத்தினால் எழுந்திருக்கவே முடியாமல் போவது எல்லாம் அதன் அடையாளங்கள். பொட்டலத்தில் சரக்கின் பெயரும், செய்த இடமும், உரிம எண்ணும் இல்லாவிட்டால் வாங்காதீர்கள், உறவுக்காரர் கொடுத்தாலும்.

இன்னொன்று. இந்தக் கடலூர், தஞ்சைப் பக்கத்துக்கு யானைக்கால் பழைய நோய். அந்த வீக்கத்துக்கு நொச்சி ஒத்தடம் கொடுத்துக்கொண்டே ஆண்டுகளைக் கழித்த குடும்பங்கள் இருந்தன. கொசு கடித்து உள்ளே போன புழு ஒத்தடத்துக்கு அசையாது. அரசு வீடு வீடாகக் கொடுத்த மாத்திரைதான் வேலை செய்தது. மூக்கிரட்டைக் கீரை நல்ல கீரை. ஆனால் கால் வீங்கக் காரணம் இருதயமா, சிறுநீரகமா, ரத்தசோகையா என்று பார்க்காமல் கீரை கடைவது காலத்தைக் கடத்துவதாகும். நம் வைத்தியர்களிலேயே நல்லவர்கள் நாடி பார்த்து, நீர் பார்த்துப் பிறகுதான் செடி பறித்தார்கள். செடியை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்பதை விட்டுவிட்டது நாம்.

இப்போது ஏட்டுக்கு வருகிறேன். வடலூர் நமக்குத் தூரமில்லை. 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையில் அடுப்பு மூட்டிய வள்ளலாரை நாம் சோறு போட்டவராகத்தான் அதிகம் நினைக்கிறோம். அவருடைய உரைநடைப் பகுதியில் மூலிகை குண அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. நானூற்றுக்கும் மேற்பட்ட மூலிகைகளின் பெயரை எழுதி, எதிரே அதன் குணத்தை எழுதிக்கொண்டு போகிறார். பாட்டாகப் பாடத் தெரிந்தவர் இதைப் பட்டியலாக எழுதினார், ஏனென்றால் பட்டியலைத்தான் இன்னொருவர் சரிபார்க்க முடியும், சேர்க்க முடியும். கரிசலாங்கண்ணியைத் தினப்படி உணவாகச் சொன்னவர் அவர். அந்தக் கரிசலாங்கண்ணி இந்த வாய்க்கால் ஓரத்துச் செடிதான். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் இந்த மண்ணில் அப்படி ஒரு அட்டவணை எழுதப்பட்டிருக்கிறது. அதன் பிறகு நம் ஊர் வரப்பில் என்ன இருக்கிறது, என்ன போயிற்று என்று யார் எழுதினோம்?

சட்டம் நம்மை எழுதச் சொல்கிறது. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்று எழுத வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 என்று கெடு வைத்த பிறகு நாடு முழுக்கப் பதிவேடுகள் அவசரமாகப் பிறந்தன. அவசரத்தில் பிறந்த ஏட்டில் எந்த ஊருக்கும் பொருந்தும் வேம்பும் துளசியும்தான் இருக்கும். அதே சட்டத்தைத் திருத்தும் மசோதா மக்களவையில் 2023 ஜூலை 25 அன்று நிறைவேறியது. தேதியைக் கவனியுங்கள், மறுநாள்தான் இங்கே பயிருக்குள் இயந்திரம் இறங்கியது. இரண்டுக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை, அது தற்செயல். திருத்தம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நூல்களில் ஏறிவிட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்கும், பதிவு பெற்ற ஆயுஷ் மருத்துவர்களுக்கும் பலன்பகிர்விலிருந்து விலக்கு. நூலில் ஏறாமல் ஊரார் வாயில் இருக்கும் அறிவுக்குத்தான் இனி உரிமை கேட்க முடியும். அதையும் எங்கள் ஊருடையது என்று காட்ட ஊர்ப் பதிவேடு வேண்டும். மஞ்சள் வழக்கில் ஏடு வெளியாரைத் தடுத்தது. இங்கே ஏடு நம் ஊர்க்காரரின் பங்கைக் காக்கும். இரண்டு இடத்திலும் எழுதியவர் பக்கமே காற்று.

ஆகவே பள்ளிப் பிள்ளைகளிடமும் ஊராட்சியிடமும் ஒரு வேலையைக் கேட்கிறேன். ஐப்பசி மழை பெய்து வரப்பு தழைத்ததும், மேல்வளையமாதேவியிலும் கீழ்வளையமாதேவியிலும் மிச்சமிருக்கும் வயல்களை நடந்து எழுதுங்கள். செடியின் ஊர்ப்பெயர். பூவோடும் காயோடும் ஒரு கிளையை அமுக்கிக் காயவைத்து ஒட்டியது, ஏனென்றால் கீழாநெல்லி என்று மூன்று செடியைக் காட்டுவார்கள். இலைக்காம்பின் கீழே காய் வரிசையாகத் தொங்குவதை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது, ஒட்டிய கிளையைக் கல்லூரிப் பேராசிரியரிடம் காட்டிப் பெயர் வாங்க வேண்டும். எந்த வயல், எந்த வரப்பு, சர்வே எண் என்ன. களைக்கொல்லி அடித்த இடமா. எந்த உபாதைக்கு, எந்தப் பகுதி, எவ்வளவு, எதில் கலந்து, எத்தனை நாள். சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயர். சம்மதிக்காவிட்டால் வயதும் தெருவும் போதும். பிறகு பெரும்பாலும் யாரும் எழுதாத இரண்டு கட்டங்களையும் போடுங்கள்: யாருக்குக் கொடுத்துக் கேட்கவில்லை, யாருக்குக் கொடுக்கவே கூடாது. ஆயாமாரிடம் கேட்டால் இந்த இரண்டுக்கும் அவர்களிடம் பதில் இருக்கும். கர்ப்பிணிக்கு எது ஆகாது, கைக்குழந்தைக்கு எது ஆகாது என்று சொல்லத் தெரியாத ஆயாவை நான் பார்த்ததில்லை. யாரும் கேட்காததால் சொல்லாமல் இருக்கிறார்கள்.

ஏட்டை மூன்று படி எடுங்கள். ஒன்று பள்ளியில் இருக்கட்டும், ஒன்று ஊராட்சியில். மூன்றாவதை மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை நில அளவைக்காரர்கள் சங்கிலியோடு வரும்போது, மரம் எத்தனை, கிணறு எத்தனை என்று கேட்கும் படிவத்தோடு அந்த ஏட்டையும் சேர்த்து நீட்ட வேண்டும்.